கொதிகுளம் குளிர்ந்த வாரம்

கொதிகுளம் குளிரத் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டதும் புதுத்துறையில் லட்டு கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது. மேசையில் வைத்துவிட்டு, எறும்பு மொய்க்கும்வரை அதைத் தொடாமல் இருந்தேன்.

அந்தக் குளத்தை அளப்பதுதான் என் வேலை. புகைமலையின் உச்சி வாய் பிளந்து கிடக்கும். அந்தப் பள்ளத்துக்குள், பாலில் பச்சையைக் கரைத்துவிட்ட நிறத்தில் அது தேங்கி நிற்கும். தண்ணீர் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். காலையில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டால் மாலைக்குள் பாதி கரைந்துவிடும். மீன் கிடையாது, தவளை கிடையாது, கொசுகூட முட்டையிடாது. சுற்றியிருக்கும் பாறைச் சுவர்களில் வெள்ளை, செம்மண், மஞ்சள் என்று பட்டை பட்டையாகக் கோடுகள். பாறை இடுக்குகளிலிருந்து எந்நேரமும் சூடான ஆவி சீறிக்கொண்டிருக்கும். குளத்தின் அடியில் மலையின் தொண்டை இருக்கிறது. அதன் வழியே வாயு ஏறி நடுக்குளத்தில் குமிழியிடும்; அடியில் உருகிக் கிடக்கும் கந்தகம் மிளகு அளவு உருண்டைகளாக மிதந்து வரும். வாரத்துக்கு மூன்று நாள் முகமூடியை மாட்டிக்கொண்டு ஏறிப்போய், நீரின் சூட்டை அளந்து, அந்த உருண்டைகளை வலையில் அள்ளிக்கொண்டு இறங்குவேன். பதினோரு வருடமாக இந்தப் பிழைப்பு. என் துணிகளில் எப்போதும் அழுகிய முட்டை நாற்றம் இருப்பதாகப் புருசன் சொல்லுவார். அதனால்தான் கப்பல் வேலைக்குப் போனாரோ என்னவோ.

தூத்துக்குடிப் பக்கத்துக் கரை ஊர்களைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு எங்களை இந்தத் தீவில் கொண்டுவந்து குடியேற்றினார்கள். மலைக்குள் நெருப்பு இருக்கிறது, நெருப்பில் மின்சாரம் எடுக்கலாம், எடுக்க ஆள் வேண்டும். யாரோ ஒருவருக்கு இது நல்ல யோசனையாகப் பட்டது. தெற்குக் கரையில் புதுத்துறை, ஒன்பதாயிரம் பேர். வடக்கே, குளத்தின் மெலிந்த சுவருக்கு நேர் கீழே ஒரு பள்ளத்தாக்கு. அதில் ஓடைக்குடி, பதினேழு வீடு, அறுபத்தொரு பேர்.

லட்டு வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை. அளந்ததைக் கணினியில் பதிந்தேன். ஒன்பது நாளில் குளத்தின் சூடு நாற்பத்தொன்றிலிருந்து இருபத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. நான்கு நாளாக ஒரு கந்தக உருண்டைகூட வலையில் சிக்கவில்லை. வழக்கமாகப் பதிந்து முடித்ததும் திரையில் பச்சையில் 'சரி' என்று வரும். அன்றைக்கு அது வரவில்லை. பதிலாக நான் இதுவரை பார்த்திராத ஒரு தாள் திறந்தது.

'ஓடைக்குடி 61. புதுத்துறை 9,240. வடக்குச் சுவர் உடையும் காலம்: வெள்ளி நண்பகல் முதல் சனி மாலை வரை. அபாயச் சங்கு ஒலித்தால் எதிர்பார்க்கும் உயிரிழப்பு: 118. ஒலிக்காவிட்டால்: 55. முடிவு: ஒலிக்க வேண்டாம்.'

இரண்டு முறை படித்தேன். பிறகு எழுந்து போய்ப் பர்னாந்து சாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன். அவர்தான் எங்கள் நிலையத்துக்கு அதிகாரி. நல்ல மனிதர். ஆனால் மலையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது என்பது மட்டும்தான்.

"குளம் குளிருதுன்னா நல்லதுதான, செண்பகம்? ஊரே சந்தோசமா இருக்கு," என்றார்.

"சார், உங்க வீட்டுல பாகு காய்ச்சுவாவளா?"

"காய்ச்சுவா. ஏன்?"

"மொதல்ல தண்ணியா ஓடும். இன்னும் சூடேத்தினா இறுகிரும்லா? கந்தகமும் அப்படித்தான். உருகும்போது தண்ணியா இருக்கும். நூத்தறுபது டிகிரியத் தாண்டிட்டா பாகா இறுகி மலையோட தொண்டைய அடச்சுக்கிடும். அப்புறம் ஆவி மேல வராது, குளம் குளுந்துரும், நாம லட்டு திம்போம். கீழ அழுத்தம் மட்டும் ஏறிக்கிட்டே இருக்கும்."

"ஏறி?"

"ஒரு நாள் அடப்ப பிச்சுக்கிட்டு வரும். குளம் மொத்தமும் சேறோட சேந்து கொதிக்கக் கொதிக்க வடக்க இறங்கும். ஓடைக்குடிக்கு வந்துசேர நாலு நிமிசம்."

அவர் தாளைப் படித்தார். படித்து முடித்ததும் முதலில் கதவைச் சாத்தினார்.

"இது மேலிடத்துக்கு மட்டும் போற தாள். இங்க எப்படித் தொறந்துச்சு? தப்பாத் தொறந்திருக்கு."

"தப்போ சரியோ, பாத்தாச்சு. ஓடைக்குடி ஆளுகள மட்டுமாவது கூட்டிட்டு வந்துருவோம் சார்."

"எப்படி? பதினேழு வீட்டுக்கும் புதுத்துறையில சொந்தம் இருக்கு. ஒருத்தர் காதுல போட்டா பத்தாவது நிமிசம் மிதவைப் பாலத்துல கூட்டம் நிக்கும். இது ஐப்பசி. கடல் எப்படிக் கிடக்குன்னு பாத்தியளா? அந்த நூத்திப் பதினெட்டு எங்கருந்து வருதுன்னு நெனைக்கிய?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க ஒண்ணும் பாக்கல. நானும் பாக்கல. வெளிய சொன்னா ஏழு வருசம் உள்ள போகணும். சட்டம் தெரியும்லா?"

எனக்குத் தெரியாதா! அந்தச் சட்டமே என்னால் வந்ததுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் குளம் அறுபது டிகிரியைத் தொட்டது. நடுக்குளம் தளதளவென்று கொதித்தது. அப்போது சங்கை ஒலிக்கும் உரிமை குளத்தை அளப்பவர் கையில் இருந்தது. நான் ஒலித்தேன். ஒன்பதாயிரம் பேரும் கடற்கரைக்கு ஓடினார்கள். படகுத்துறைக்கு ஒரு மிதவைப் பாலம்தான். ஐப்பசி அலையில் அது நடுவில் அறுந்தது. நாற்பத்து மூன்று பேர் போனார்கள். மலை ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

அந்த நாற்பத்து மூன்றில் மாரிக்கனி மதினியும் ஒருத்தி, என் அண்ணன் சங்கரபாண்டியின் மனைவி. "எந் தங்கச்சி ஊதினா பொய்யா இருக்காது" என்று தெருவெல்லாம் கத்தி, எல்லாருக்கும் முன்னால் அவளைப் பாலத்தில் ஏற்றிவிட்டது அவன்தான். அவன் என்னை நம்பியதால் அவள் செத்தாள். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பிறகு ஊர்க் கூட்டம் போட்டார்கள். இனி ஒரு மனிதர் கையில் சங்கு இருக்கக் கூடாது என்று கையைத் தூக்கி ஓட்டுப் போட்டார்கள். அப்படி வந்ததுதான் தராசு, சங்கைக் கையில் வைத்திருக்கும் கணினி; அதன் கணக்கை வெளியே சொன்னால் ஏழு வருடம். அதற்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு. ஊர் வைத்த பெயர் தராசு. மலை வெடித்தால் எத்தனை பேர் சாவார்கள், சங்கு ஒலித்தால் மிதிபட்டும் மூழ்கியும் எத்தனை பேர் சாவார்கள் என்று இரண்டையும் நிறுத்துப் பார்த்து, குறைந்த பக்கம் எதுவோ அதைச் செய்யும். ஓட்டுப் போட்டபோது எல்லாரும் அழுதார்கள். நானும் கையைத் தூக்கினேன்.

பாலத்தில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு அதற்குப் பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு வாழ முடியவில்லை. தீவில் கடல் கண்ணில் படாத இடம் ஒன்றுதான், வடக்குப் பள்ளத்தாக்கு. சாம்பல் மண்ணில் மிளகாய் கொழித்தது. அப்படி முளைத்ததுதான் ஓடைக்குடி. அங்கே போகாதீர்கள், சுவர் மெலிசு என்று நான் நான்கு அறிக்கை எழுதினேன். ஒருமுறை ஊதிக் கெடுத்தவள் எழுதினால் யார் படிப்பார்கள்? அண்ணனும் மகள் பூரணியைக் கூட்டிக்கொண்டு அங்கே போனான். மூன்று வருடமாக என் போனை அவன் எடுப்பதில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் மகள் குழலிக்குச் சோறு ஊட்டினேன். மதினி செத்த அடுத்த மாதம் பிறந்தவள். மூன்று வயது ஆகப்போகிறது, இன்னும் காது குத்தவில்லை. எப்படிக் குத்துவது? எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமனோ முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த மூளிக் காதுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

ஓடைக்குடிக்கும் புதுத்துறைக்கும் நடுவில் மேட்டின்மேல் ஓர் இசக்கியம்மன் கோயில் இருக்கிறது. சேறு எவ்வளவு வந்தாலும் அங்கே ஏறாது. வெள்ளிக்கிழமை முகூர்த்த நாள். அண்ணன் தங்கை பேசாத கதை ஊருக்கே தெரியும். அந்த வீட்டில் காதுகுத்து, அதுவும் மாமனை அழைத்து என்றால், வேடிக்கை பார்க்கவாவது எல்லாரும் வருவார்கள். பூட்டின வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் விட்டுவிட்டு வரும் கூட்டம் இல்லை அது. அங்கே திருட வருவது குளம் மட்டும்தான்.

புதன்கிழமை காலை தட்டில் வெற்றிலையும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினேன்.

"என்னட்டி, புருசன் இல்லாம காதுகுத்தா?" முதல் வீட்டுச் செல்லக்கனி சித்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இத விட்டா தை வரைக்கும் நல்ல முகூர்த்தம் இல்ல சித்தி. எல்லாரும் வரணும். அடுப்பு பத்த வைக்கக் கூடாது, ரெண்டு வேளையும் அங்கதான் சாப்பாடு. பேறுகாலம் முடிஞ்ச ஒங்க மருமவளுக்கும் ஜீப் அனுப்புதேன்."

"சங்கரபாண்டி வாரானா?"

"வருவான்."

"அப்ப நான் மொத ஆளா வந்துருவேன்," என்றாள். அவள் கண்ணில் அத்தனை சந்தோசம். பொய் சொல்லி ஒருவரைச் சந்தோசப்படுத்துவது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பதினாறு வீட்டிலும் அதே கேள்வி, அதே பதில்.

முதல் வெற்றிலை தாய்மாமனுக்குத்தான் வைக்க வேண்டும்; அதுவும் புருசனும் பெண்சாதியுமாகப் போய் வைக்க வேண்டும். எனக்கு அவன் முகத்தில் விழிக்கப் பயம். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு அவன் வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனேன்.

வாசலில் உட்கார்ந்து மிளகாய் நாற்றைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தான். தாடியில் பாதி நரைத்திருந்தது. தட்டை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டானே தவிர வாங்கவில்லை.

"பதினாறு வீட்டுக்கு வெத்தல வச்சிட்டு பதினேழாவதா எங்கிட்ட வார."

"தப்புதான்ணே. பயந்துக்கிட்டே பிந்திட்டேன்."

"மாப்பிள்ள எங்க?"

"கப்பல்ல. தைக்குத்தான் வருவாவ."

"அப்ப தையில வையி. மூணு வருசம் பொறுத்த காது, இன்னும் மூணு மாசம் பொறுக்காதா?"

அவன் தலையைத் தூக்கி மலையைப் பார்த்தான். புகைமலை என்று பெயர் வைத்திருக்கிறோம்; அன்றைக்கு ஒரு துளி புகை இல்லாமல் சுத்தமாக நின்றது.

"குளம் குளுந்துட்டாமே. லட்டு குடுத்தாவளாமே."

"ஆமா."

"செண்பகம், என் மூஞ்சியப் பாரு. குளம் என்ன சொல்லுது?"

நேருக்கு நேர் கேட்டான். ஒரு வாக்கியம்தான். நாக்கு நுனிவரை வந்தது. அவன் நம்பமாட்டான் என்று நான் பயப்படவில்லை. நம்பிவிடுவான் என்றுதான் பயந்தேன். அன்றைக்கு நம்பித் தெருவெல்லாம் கத்தினவன். மாரிக்கனி மதினியின் தங்கை நான்கு பிள்ளைகளோடு புதுத்துறையில் பாலத்தை ஒட்டி இருக்கிறாள். அவளுக்கு ஒரு போன் போடாமல் இருப்பானா? அவள் பக்கத்து வீட்டுக்குச் சொல்லாமல் இருப்பாளா? நூற்றிப் பதினெட்டு என்ற எண் என் கண்முன்னால் நின்றது.

"ஒண்ணும் சொல்லலண்ணே," என்றேன். "சும்மாதான் கிடக்கு."

அவன் என்னையே பார்த்தான். நான் குங்குமத்தைப் பார்த்தேன்.

"சரி. பூரணிய அனுப்புதேன். நான் வரல. தட்ட எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் கோயிலில் கூட்டம். ஒருவர் விடாமல் எண்ணினேன். அறுபது. பிள்ளை பெற்றவள் ஜீப்பில் கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். பூரணி பாவாடை தாவணியில், அப்படியே அவள் அம்மா சாயலில் வந்தாள். நாகலிங்க ஆசாரி ஊசியையும் கம்மலையும் தட்டில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். குழலி புதுச் சட்டையில் கோயிலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

"மாமன் வரட்டும்," என்றார்கள். "மாமன் வராம எப்படிக் குத்த?"

பதினொன்று ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று. பந்தி போட்டுச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் யாரும் கிளம்பவில்லை. அந்த அண்ணனும் தங்கையும் சேரும் காட்சியைப் பார்க்காமல் போவதாக இல்லை. அவன் வராததுதான் அறுபது பேரையும் மேட்டில் உட்கார வைத்திருந்தது. அது எனக்குப் புரிந்தபோது ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அந்த ஒரு நொடிக்காக என்னை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

பூரணியை ஓரமாகக் கூப்பிட்டேன். "அப்பாவுக்கு ஒரு போன் போடு தாயி. அத்தை கால்ல விழுந்து கேக்கேன்னு சொல்லு."

அவள் தள்ளிப் போய்ப் பேசினாள். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அத்த, அப்பா வாசல்லதான் உக்காந்திருக்காவ. 'அவ வந்து சொல்லட்டும், வாரேன்'ங்காவ. ஒரு எட்டு போயிட்டு வந்துருங்க அத்த."

இன்னும் அந்த வெற்றிலைத் தகராறிலேயே இருக்கிறானே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கிளம்பினேன். செல்லக்கனி சித்தி இரண்டு இளவட்டங்களைத் துணைக்கு அனுப்பப் பார்த்தாள். வேண்டாம் என்று உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் இறங்கினேன்.

முதல் வளைவில் மின்நிலையத்துப் பேருந்து நின்றுகொண்டிருந்தது. வேலை முறை மாறும் நேரம். ஜன்னலுக்கு ஒரு தலை. இந்தத் தீவில் என்னைத் தெரியாதவர் கிடையாது. குளத்தம்மா என்றுதான் என்னைச் சொல்வார்கள்; நான் வேகமாக நடந்தாலே என்ன ஏது என்று கேட்பார்கள்.

"என்னக்கா, பட்டுச்சேலையோட ஓடுதிய? குளத்துல ஏதும் விசேசமா?" ஒருத்தர் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பேருந்து முழுவதும் பேச்சை நிறுத்தியது. இரண்டு பேர் கையில் போனை எடுத்துவிட்டார்கள்.

"விசேசம் கோயில்ல. எம் மவளுக்குக் காதுகுத்து. வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க," என்றேன்.

வளைவிலிருந்து பார்த்தால் கீழே அண்ணன் வீடு தெரியும். வாசலில் அவன் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. இறங்க இருபது நிமிடம், ஏற அரை மணி. அப்போது மணி பன்னிரண்டு பத்து. நேரம் இருந்தது. பேருந்தும் நின்றுகொண்டே இருந்தது. நான் இறங்கினால், அவனை இழுத்துக்கொண்டு ஓடி வந்தால், இத்தனை கண்களும் பார்க்கும். பாலம் என் கண்முன்னால் அறுந்தது. வெடிப்பு நாளைக்குக்கூட இருக்கலாமே, சாயங்காலம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி மேடேறினேன்.

இரண்டே கால் மணிக்குத் தரை ஒருமுறை அதிர்ந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, யாரோ கனமான மூட்டையை இறக்கி வைத்ததுபோல. மலை உச்சியில் குளம் எழுந்து நின்றதை நான் பார்த்தேன். கருஞ்சேறு பீறிட்டுப் பல கிளையாக விரிந்து விழுந்தது. அதைச் சுற்றி வெள்ளை ஆவி உருண்டு வெளியே வந்தது. வடக்குச் சுவர் ஒரு பக்கமாகச் சரிந்து காணாமல் போனது. பிறகு சாம்பல் நிறத்தில், பாறைகளை உருட்டிக்கொண்டு, ஆவி பறக்க அது பள்ளத்தாக்கில் இறங்கியது. பதினேழு வீடும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கடைசி வீடும் போனது. யாரும் அலறவில்லை. அலறக்கூட நேரம் தராமல் எல்லாம் முடிந்துவிட்டது.

புதுத்துறையில் எல்லார் போனுக்கும் தராசு ஒரு செய்தி அனுப்பியிருந்தது: 'முடிந்துவிட்டது. வீட்டிலேயே இருங்கள்.' பாலத்தில் ஒருவர்கூட ஏறவில்லை. இசக்கியம்மன் அறுபது பேரைக் காப்பாற்றினாள் என்று ஊர் பேசியது. அண்ணனை எட்டு நாள் தேடினோம். கிடைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை பர்னாந்து சாரிடம் போனேன். "தாளப் பாத்தேன், பொய் சொல்லி ஆளக் கூட்டினேன். எழுதிக்கிடுங்க சார். ஏழு வருசமோ எட்டு வருசமோ, போயிட்டு வாரேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒக்காருங்க. மேலிடத்துலருந்து முழுக் கோப்பும் வந்திருக்கு. நீங்க பாக்குறது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல. ஆனா மறச்சு வச்சா நான் மனுசன் இல்ல." திரையை என் பக்கம் திருப்பினார்.

அந்தத் தாள் தப்பாகத் திறக்கவில்லை. செவ்வாய் காலை தராசு எழுதியிருந்தது:

'வழி ஒன்று, சங்கு: 118. வழி இரண்டு, மௌனம்: 55. வழி மூன்று, தாளைச் செண்பகவல்லிக்குக் காட்டுதல்: 1. முடிவு: காட்டு.'

கீழே சின்ன எழுத்தில் இன்னும் இரண்டு வரி. 'அந்த ஒருவர்: வீடு 17. செண்பகவல்லி அவரிடம் உண்மையைச் சொல்லாதிருக்க வாய்ப்பு 91 விழுக்காடு. சொன்னால் செய்தி புதுத்துறைக்குப் பரவும். எதிர்பார்க்கும் உயிரிழப்பு 74.'

ஊருக்குத் தெரியாமல், சட்டத்தை மீறி, தராசை ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தராசின் வேலையைத்தான் செய்திருக்கிறேன். என் அண்ணனிடம் நான் பொய் சொல்வேன் என்பது அதற்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

"அறுபது பேரு இருக்காவ, செண்பகம்," என்றார் பர்னாந்து சார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். பூரணி இப்போது என்னோடுதான் இருக்கிறாள். குழலிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இதற்கு மேலும் இந்தப் பிள்ளையிடம் மறைத்தால் நான் எதற்கும் லாயக்கில்லாதவள் என்று தோன்றியது. குழலியை விளையாட அனுப்பிவிட்டு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"பூரணி, உங்கப்பா எங்கிட்ட குளத்தப் பத்திக் கேட்டாவ. எனக்குத் தெரியும். தெரிஞ்சே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன்."

அவள் அழவில்லை. சீப்பில் சிக்கியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"தெரியும் அத்த."

"என்ன தெரியும்?"

"நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கே அப்பா சொல்லிட்டாவ. 'குளத்துல என்னமோ இருக்கு. இல்லன்னா இவ என் வாசல மிதிக்க மாட்டா. நீ வெள்ளிக்கிழம மேல போயி உக்காந்துக்கோ. யாருகிட்டயும் மூச்சு விடாத, ஊருக்குத் தெரிஞ்சா திரும்பவும் பாலத்துக்குத்தான் ஓடுவாவ'ன்னு. பாலத்துப் பக்கத்துச் சித்திக்காவது சொல்லுவோம்ப்பான்னேன். சொல்லக் கூடாதுன்னுட்டாவ."

சீப்பைக் கீழே வைத்தாள்.

"நீங்களும் வாங்கப்பான்னு அழுதேன். 'அவ வருவா. வந்து ஒரே ஒரு தடவ வாயத் தொறந்து எங்கிட்ட நெசத்தச் சொல்லிட்டாப் போதும், அப்பமே கூட ஏறி வந்துருதேன்'னு சொன்னாவ. போன்லயும் அதத்தான் சொன்னாவ. அதான் உங்களப் போகச் சொன்னேன்."

இரண்டு நாள். பாலத்தை ஒட்டிக் குடியிருக்கும் கொழுந்தியாளுக்குக்கூடச் சொல்லாமல் இரண்டு நாள் அவன் அதை மனதில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் சொன்னால் எழுபத்து நான்கு பேர் சாவார்கள் என்று தராசு எழுதியிருந்தது. நானும் அவனைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தேன்.